நீலப் பூவும் அரை வாளித் தண்ணீரும்

பாத்ரூம் சுவரில் ஆணி பிடுங்கிய இரண்டு ஓட்டைகள்.
அங்கேதான் தொங்கியது கேஸ் ஹீட்டர்.
நாலாயிரத்து எண்ணூறு, ராமநாதபுரம் கடையில்,
தவணை இல்லாமல்.

குழாயைத் திருகினால் டிக் டிக் டிக்,
பிறகு நீலப் பூ ஒன்று விரியும்.
அரை நிமிடத்தில் வெந்நீர்.
வாடைக்காற்று மாதங்களில்
விடியுமுன் கரையேறும் சந்தியாகுவுக்கு
அதற்குமேல் பொறுமை கிடையாது.
மணிக்கட்டு வரை கணவாய் மை,
சட்டையில் டீசல், விரலிடுக்கில் உப்பு வெடிப்பு.
“சூடா ஊத்து, எலும்பு விறைக்குது” என்பார்.

குறை சொல்ல மாட்டேன்.
புயலுக்குப் பின் நாலு நாள்
தங்கச்சிமடமே இருட்டில் கிடந்தபோதும்
அந்தப் பூ பூத்தது.

ஆனால் எங்கள் போர் தண்ணீர்
சோப்பை நுரைக்க விடாத தண்ணீர்.
ஒன்பதே மாதத்தில் அதன் செம்புக் குடலில்
சுண்ணாம்பு அடைத்துக்கொண்டது.
சிலிண்டர் இருபது நாளைக்கு மேல் வராது.
குளியலா சோறா என்று
இட்லிப் பானையோடு நின்று யோசித்திருக்கிறேன்.

அப்புறம் அந்த ஞாயிற்றுக்கிழமை.
பூசைக்கு நேரமாச்சென்று
பிளாவியா தலைக்கு ஊற்றப் போனாள்.
சாரல் அடிக்கிறதென்று ஜன்னலில்
பாலிதீன் பையைச் செருகியிருந்தது நான்தான்.

பாட்டு நின்றது.
தண்ணீர்ச் சத்தம் நிற்கவில்லை.

தாழ்ப்பாள் ஒரே உதையில் தெறித்தது.
வெளிக்காற்று பட்டு, கண் திறந்து,
வாந்தி எடுத்து, என் பெயரைக் கேட்டாள்.
வாசனையே இல்லாத புகை என்றார் டாக்டர்.
பூவுக்கு வாசனை இல்லாததை
சுத்தம் என்று நினைத்திருந்தேன்.

ஹீட் பம்ப் என்ற பேரைச் சொன்னவர் இன்னாசி,
என் நாத்தனார் கணவர், குவைத்தில் ஏசி மெக்கானிக்.
“ஃபிரிட்ஜைத் திருப்பிப் போட்டா அதுதான்.
காத்துல இருக்கிற சூட்டை எடுத்துத் தண்ணிக்குக் குடுக்கும்.”
எங்கள் காற்றில் சூட்டுக்கா பஞ்சம்?
விலை எழுபத்தெட்டாயிரம் என்றதும்
சந்தியாகு எழுந்து பீடி தேடினார்.

நான் கணக்கு டீச்சர்.
காலண்டர் தாளின் பின்பக்கம் போட்டுப் பார்த்தேன்.
ஒரு யூனிட் கரண்ட் கொடுத்தால்
மூணு யூனிட் சூடு திரும்ப வருகிறது.
இந்தக் கரையில் இப்படித் தரும் வட்டிக்காரர்
ஒருவரையும் நான் கண்டதில்லை.
ஆனாலும் போட்ட பணம் மீள
ஏழெட்டு வருஷம் ஆகுமாம்.
உப்புக்காற்று அதுவரை விட்டுவைக்குமா?
கழித்தலில் கடலை எந்த வரியில் எழுதுவது?

கணக்கு தேறவில்லை.
சங்கிலியை அடகு வைத்தேன்.

பின்பக்கம் நிற்கிறது இப்போது.
படகு எஞ்சின் கேட்ட காதுக்கு
அதன் உறுமல் ஒரு கொசு.
டாங்க் சூடாக மூணு மணிநேரம்;
ஓடி வந்தாலும், திட்டினாலும் மூணு மணிநேரம்தான்.
கடைசியாய்க் குளிப்பவருக்குப் பச்சைத் தண்ணீர்.
அந்தக் கடைசி ஆள் பெரும்பாலும் நான்.
அது கக்கும் குளிர்காற்றில்
கருவாடு திருடும் பூனை
மத்தியானம் முழுக்கக் காலை நீட்டிக் கிடக்கிறது.

முதல் வாரமே தரையில் ஈரம்.
ஏமாந்துவிட்டோம், ஒழுகுகிறது என்று
இன்னாசிக்குப் போன் போட்டேன்.
சிரித்தார்: “அது ஒழுக்கு இல்ல மதினி.
காத்துல இருந்த தண்ணி.”
வாளி வைத்தேன்.
சாயங்காலம் அரை வாளி.
விரல் நனைத்து நாக்கில் வைத்தேன்.

உப்பில்லை.

குடம் பன்னிரண்டு ரூபாய்க்கு
நல்ல தண்ணீர் வாங்கும் தெருவில்,
கடற்காற்றிலிருந்து அரை வாளி.
குடிக்கக் கூடாதாம், குடிப்பதில்லை.
பிளாவியா கடைசித் தலையலசலுக்கு எடுக்கிறாள்,
ஷாம்பு நுரைக்கிறது.
சனிக்கிழமை ஒரு செம்பு மிச்சம் பிடித்து
அதன் தகடுகளில் ஊற்றி
உப்பைக் கழுவிவிடுகிறேன்.
காலண்டர் தாளில் இந்த வரவு இல்லை.

கேஸ் ஹீட்டரை எடைக்குப் போடவில்லை.
மூன்று பக்கமும் திறந்த வலைக்கொட்டகையில்
சந்தியாகு மாட்டி வைத்திருக்கிறார்,
அடுத்த புயலுக்கு.

பாத்ரூமுக்குத்தான் இன்னும் தாழ்ப்பாள் போடவில்லை.
“அதான் கேஸ் இல்லையேம்மா” என்று பிளாவியா கத்துகிறாள்.
சரிதான், போடலாம்.
அதுவரை பாடிக்கொண்டே குளி என்கிறேன்.