மதுரை-1

கீழவெளி வீதியில் என் கடை ஆல்டரேஷனுக்கு மட்டும்.
புதுத்துணி தைப்பதில்லை, போர்டிலேயே இருக்கிறது.
ஜெசிந்தா கொண்டுவந்தது குழந்தைக் கவுன்:
வெளிர்நீலப் பாப்ளின், வட்டக் காலர்.
"தைக்க வேணாம். வயசு மட்டும் சொல்லுங்க."
ஷூட்டிங்குக்கு வாடகைக்குக் கேட்கிறார்களாம்.
எழுபதுக்கு முந்தியது என்றால்
நாளொன்றுக்கு ஆயிரம்.

உள்ளே திருப்பினேன்.
வெளிப்பக்கம் பிறர் பார்க்கத் தைப்பது.
உள்பக்கம், சோறு கொதிக்கிற நேரத்தில் தைப்பது.

ஓவர்லாக் இல்லை. ஓரமெல்லாம் கையால் சுற்றியது.
ஜிப் இல்லை. முதுகில் நாலு டிச் பட்டன்,
ஒன்று துருப்பிடித்துத் துணியில் காசளவு பழுப்பு.
கழுத்தடியில் சீட்டு:
ஜோதி தையற்கலை நிலையம், மதுரை-1.
இரண்டு லையும் தும்பிக்கை தூக்கிய பழைய லை.
பின்கோடு இன்னும் ஊருக்கு வரவில்லை.
ஆனாலும் சீட்டை மட்டும் நம்ப மாட்டேன்;
கட்டாக வாங்கிப் போட்டு
பத்து வருஷம் ஒட்டுகிற கடைகளை எனக்குத் தெரியும்.

"எங்க அக்காவுது," என்றாள். "எமரன்சியா.
நாலு வயசுல, அறுபத்தொம்பதுல, காமாலை.
நான் பிறக்க இன்னும் நாலு வருஷம் இருந்துச்சு."

அடிமடிப்பை விளக்குக்குக் கீழே பிடித்தேன்.
துணியின் குறுக்கே இரண்டு கோடுகள்,
மடிப்புக்குள் வெயில் படாத நீலம்
இன்னும் கருநீலமாகவே.
இரண்டு தடவை இறக்கியிருக்கிறார்கள்.
தையல் இரண்டும் இடப்பக்கமாகச் சாய்ந்திருந்தது.
"உங்கம்மாவுக்கு இடக்கையா?"
"ஆமா. எப்படி?"

முதல் இறக்கத்தில் ஒரு இணுக்கு நூல் பிரித்துக்
குச்சி கிழித்தேன். காகிதம் எரிகிற வாடை,
விரலில் சாம்பல். பஞ்சு நூல்.
இரண்டாவதில் நாலு தையல் பிரித்தேன்.
எரியவில்லை, சுருண்டது,
நுனியில் கடுகு மாதிரி கருப்பு உருண்டை.
பாலியெஸ்டர்.
அந்த நூல் தையல்காரர் அல்லாத வீட்டுக்கு வந்தது
எழுபத்தேழு, எழுபத்தெட்டு இருக்கும்.

அவள் விரல் விட்டு எண்ணினாள். நானும் எண்ணினேன்.
டேப் வைத்தேன். தோளிலிருந்து அடிவரை
அஞ்சு வயசுக்கு நீளம்.

"நான் இதைப் போட்டதே இல்லை," என்றாள்.
தெரிந்தது. கடைசி மடிப்பின் விளிம்பு தேயவில்லை,
நுனியில் ஒரு நார் கூடக் கிளம்பவில்லை.
இறக்கியபின் ஒரு சலவை பார்க்கவில்லை துணி.

"எனக்காக இறக்கினாங்களா,
இல்ல, அவளுக்கு அஞ்சு முடிஞ்சிருக்கும்னு..."

துணிக்கு அது தெரியாது.
நூலைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.
கதீட்ரலில் மணி அடித்து ஓய்ந்தது.
எதிர்க் கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கி
டீ குடிக்கப் போனார்.

"அறுபத்தெட்டுன்னு எழுதிக் குடுத்துரட்டுமா?" என்றேன்.
பதில் இல்லை.
கவுனை மடித்தாள், பிரித்தாள்,
பிரித்த நாலு தையலைப் போட்டுத் தரச் சொன்னாள்.

என்னிடம் அந்த நீலத்தில் பஞ்சு நூல் இல்லை.
பழைய பாலியெஸ்டரும் இல்லை.
போன வாரம் பாக்கெட்டில் வந்ததைக் கோத்தேன்.
ஊசியை இடக்கைக்கு மாற்றிப் பார்த்தேன்,
கோணலாகத்தான் வந்தது.

கூலி கேட்கவில்லை.
மிஷின் மேல் இருபது ரூபாய் வைத்துவிட்டுப் போனாள்.
ஷூட்டிங்காரர்கள் நம்பரை
மேஜையிலேயே விட்டிருந்தாள்.