பதினேழாம் ஆள்

வந்தாறுமூலையில் வளாக வாசலுக்கு எதிரே என் கடை.
கொப்பி மெசின், கணினி, வெட்டுக் கத்தி,
பசைச் சட்டியை மோந்து பார்க்கும் பூனை ஒன்று.

உளவியல் முதுமாணிக்காரரை
நான் புத்தக முதுகில் வாசித்தே பழக்கம்.
ஒரு காலம் எல்லா முதுகிலும் கடல் ஏறிக் கிடந்தது.
பிறகு காணாமல் போனவர்களின் மனைவிமார்.
நுண்கடன் வந்த வருசம் தங்க எழுத்தில் 'க' முடிந்து
ஏறாவூரில் இரவல் வாங்கி ஒட்டினேன்.
இப்போது போன் அடிமை.
போன மாதம் ஒரே கிழமையில் ஐந்து,
ஐந்திலும் நூற்றியிருபது பேர்,
அதே இரண்டாம் வருடப் பிள்ளைகள்.
படிவத்தைப் படுத்தபடி
போனிலேயே நிரப்பி அனுப்பினார்களாம்.
வெட்டும்போது நான் சிரிப்பதில்லை, விளிம்பு கோணும்.

டிலோஜினி பஸ்ஸில் போனவள்.
பனிச்சங்கேணிப் பாலம் தாண்டிப் பதினெட்டுப் பேர்.
ஒன்றிலிருந்து ஐந்துக்குள் எவ்வளவு கவலை என்று கேட்டால்
"நீயே ஒரு நம்பரப் போடு கா"
என்று தேத்தண்ணி ஊற்றினார்களாம்.
அளவுகோலை மடித்துப் பையில் வைத்துவிட்டு
கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள்.

கருநீலத்தில் நான்கு பிரதி கட்டிக் கொடுத்தேன்.
விடிந்தால் கையளிப்பு.
இரவு எட்டரைக்கு ஷட்டரில் தட்டு.

"பிரிக்கணும் அண்ணன்.
பதினேழாம் ஆள் போன் எடுத்தா.
சொன்னதெல்லாம் தனக்கே வேணுமாம்."

பெயர் இல்லை, ஊர் இல்லை,
ஆருக்குப் புள்ள விளங்கப் போகுது, என்றேன்.

"அவவுக்கு விளங்கும்."

முதுகைக் கீறிப் பசையைச் சூடாக்கினேன்.
பதினெட்டு என்று வந்த இடம் முப்பத்தொன்று.
ஒவ்வொன்றையும் ஏழாக்கினாள்,
நூற்றுவீதங்கள் எல்லாம் இடம் மாறின.
பதினேழாம் ஆளின் இடத்தில்
பதினெட்டாம் ஆளை ஏற்ற மாட்டேன் என்று
அந்த எண்ணை மட்டும் வெறுமையாய் விட்டாள்.

வெட்டி எடுத்த தாள்களை நான் வாசிக்கவில்லை.
அடைப்புக்குறி ஒன்று கண்ணில் பட்டது:
(நீண்ட நேரம் பேசவில்லை).
அதையும் சேர்த்துத்தான்
பழுப்புத் தாளில் சுற்றிக் கொடுத்தேன்.

கையளிப்பு பத்து மணிக்கு.
வாகரை பஸ் ஐந்தரைக்கு.
எதற்கு முதலில் போவாய் என்று கேட்கவில்லை.
மட்டைக் காசு மட்டும் எடுத்தேன்.

அவள் போன பிறகு
கணினியில் பழைய கோப்பு கிடந்தது.
அழி என்றேன்.
உறுதியாகவா, என்று கேட்டது.
ஓம்.
மீட்க முடியாது, பரவாயில்லையா, என்று
இன்னொருக்கா கேட்டது.

பூனை விசைப்பலகையில் ஏறி உட்கார்ந்தது.
இறக்கி விட்டு
நானே அழுத்தினேன்.