காகிதப் பட்டைகள்

எங்கள் மாகாணத்துப் பாறைக்குப் பெயர்
செத்த பசு.
யார் வைத்தார்களோ.
மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் கிடக்கும் அதன் மடிக்குள்
தண்ணீரும் மணலும் பெயர் சொல்லாத மருந்தும் செலுத்தி
இன்னமும் கறக்கிறார்கள்.

தண்ணீர் பாறையைப் பிளக்கும்.
பிளந்தது மறுபடி மூடிக்கொள்ளாமல்
இடுக்கில் நின்று தாங்குவது மணல்.
அந்த மணலை ஓட்டி வருபவர் என் அப்பா.
நடைக்கு முப்பது டன்.
நெவுகேன் நகரத்தில் என் அறை வாடகைக்கு
மாதம் எத்தனை நடை என்று
அவர் சொன்னதில்லை.
நானே வகுத்துப் பார்த்திருக்கிறேன்.

ஆகவே
கல்லூரிக் கேன்டீனில் மைதென் துண்டறிக்கை நீட்டியபோது
வாங்கி, நான்காய் மடித்து,
ஆடிக்கொண்டிருந்த மேசைக்காலின் கீழ் செருகினேன்.
எல்லோரும் சிரித்தார்கள்.
அவளும் சிரித்தாள், சற்றுத் தாமதமாக.

சனிக்கிழமை வண்டி கேட்டாள்.
"வண்டி மட்டும்தான். உன் கருத்தைக் கேட்கலை."

எல் ஹரிஷாலில் பதினெட்டு மண்சுவர் வீடுகள்.
வாசலுக்கு வாசல் பாப்ளர் மரம்,
மேற்குக் காற்றில் ஒரே பக்கம் சாய்ந்து.
ஒவ்வொரு சுவரிலும் விரிசல்.
விரிசலுக்குக் குறுக்கே ஒரு காகிதப் பட்டை,
இரு முனையிலும் பசை,
நடுவில் தேதி.
சுவர் நகர்ந்தால் காகிதம் கிழியும்.
கருவி அவ்வளவுதான்.

எதெல்மிராவின் அடுப்படிச் சுவரில்
என் கையால் ஒட்டினேன்.
ராத்திரியில் தட்டுகள் ஒன்றோடொன்று பேசுகின்றன என்றார்.
மாத்தே போடக் கடைத் தண்ணீரை ஊற்றிவிட்டு,
"நீலக் கதவு லாரிக்காரர் பையனா நீ?
ஆடு குறுக்கே போனால் நிறுத்துகிறவர் அவர் ஒருத்தர்தான்."
அந்த மாத்தே எனக்குச் சுட்டது.
சூடு காரணமில்லை.

மூன்றாம் வாரம் போனோம்.
பதினெட்டில் பதினொன்று கிழிந்திருந்தது.
நான் எழுதிய தேதியில்
நான்காம் எண்ணின் நடுவே ஓடியிருந்தது கிழிசல்.

கேன்டீன் பலகையில் இடமில்லை.
நடுவில் எண்ணெய்க் கம்பெனியின் பயிற்சி வேலை அறிவிப்பு.
அதைக் கிழிக்க வேண்டாமென்று நான்தான் சொன்னேன்.
அதைச் சுற்றிக் குத்தினோம்,
கிழிந்த பதினொன்றையும், கிழியாத ஏழையும்.
தலைப்பில்லை. முழக்கமில்லை.

தொலைபேசி எண்ணைக் குறிக்க வந்தவர்கள்
குறித்துக்கொண்டு போனார்கள்.
சிலர் குறித்த பிறகும் நின்றார்கள்.
நிலவியல் மூன்றாமாண்டு லவுத்தாரோ கேட்டான்:
"பழைய வீடு விரியத்தானே செய்யும்?
கிணற்றில் என்றைக்கு அழுத்தினார்கள் என்று தெரியாமல்
இதற்கு என்ன அர்த்தம்?"

நல்ல கேள்வி.
மைதென் பதில் சொல்லவில்லை.
என்னையும் பார்க்கவில்லை.
பார்த்திருந்தால் பரவாயில்லை.

அன்றிரவே பஸ் பிடித்து வீட்டுக்குப் போனேன்.
சாப்பாட்டு மேசையில் அப்பாவின் நடைக் கணக்கு நோட்டு,
தேதி, கிணற்றெண், டன்.
எதற்கென்று மறைக்காமல் கேட்டேன்.
அவர் ரொட்டியைப் பிய்த்து
நெடுநேரம் குழம்பில் துடைத்துக்கொண்டிருந்தார்.
பிறகு எழுந்து படுக்கப் போனார்.

விடிந்ததும் நோட்டு
என் செருப்பின் மேல் இருந்தது.
உள்ளே பென்சிலில், அவர் கோணல் எழுத்தில்:
ஏழாம் தேதி ரெண்டு நடை விட்டுப்போச்சு.
சேத்துக்கோ.