பொய்யுரு

பதினோரு நாளாகப்
படத்துக்குள் படம்.
முதுகெலும்பின் பக்கத்தில்
இன்னொரு முதுகெலும்பு, வெளிறிப்போய்,
அதன் பக்கத்தில் இன்னொன்று,
ஈரத்துணியில் சாயம் இறங்கியதுபோல.

ஆள் அசைந்திருப்பார் என்றோம் முதலில்.
அசையவே இல்லை என்று சத்தியம் செய்தார்
எழுபது வயது மேடம் கோ.
காயிலை மாற்றினோம்.
கதவின் செம்புப் பட்டைகளை ஸ்பிரிட்டால் துடைத்தோம்.
ஏழாம் மாதம், வேறென்ன, என்றாள் ஹுய் ஷான்,
சிரிக்காமல்.

நொவீனாவில் கடைசி ரயில் போனபிறகு
ரிட்சுவான் வந்தார், கருவிப்பெட்டியும்
ஆறிப்போன தே-ஓ பையுமாக.
உப்புநீர்ப் போத்தலைக் காந்தக் குழிக்குள் படுக்கவைத்து
மூன்று மணிவரை படம் எடுத்தோம்.
போத்தல் நிலா மாதிரி இருந்தது,
களங்கம்கூட இல்லாத நிலா.
பழுது இல்லை என்று எழுதிக் கையெழுத்திட்டார்.
காலை ஒன்பதரைக்கு
மறுபடியும் மூன்று முதுகு.

பன்னிரண்டாம் நாள் அடைக்கலம்.
அறந்தாங்கிப் பக்கம். காக்கி புக்கிட் விடுதி.
இடுப்பில் வலி, காலுக்கு இறங்குகிறது.
காதை அடைத்து, பொத்தானைக் கையில் கொடுத்து
உள்ளே அனுப்பினேன்.
நான்காம் நிமிடம் அழுத்தினார்.
பயமா என்று கேட்டேன்.

"இல்லக்கா. ஒங்க மிஷின் நின்னப்பறமும்
கீழேருந்து ஒரு அதிர்வு வருது.
ஷீட் பைல் எறக்குறாங்க.
மண்ணு கெட்டி போல,
விட்டு விட்டு அடிக்கிறான்."

எனக்கு எதுவும் கேட்கவில்லை.
தரையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன்.
எதுவும் இல்லை.
ஆறு வருஷம் அந்த அதிர்வின் பக்கத்தில்
நின்ற முதுகு அது.

கோப்பைப் புரட்டினேன்.
ஞாயிறுகள் சுத்தம். இரவுகள் சுத்தம்.
தினமும் பன்னிரண்டிலிருந்து ஒன்றுவரை சுத்தம்.
பார்த்தோம்தான்;
அந்த நேரத்தில் யாரோ சாப்பிடுகிறார்கள்
என்று படிக்கத் தெரியவில்லை.

அவரைக் காத்திருக்கச் சொன்னேன்.
பன்னிரண்டு ஐந்துக்கு,
சாலைக்கு அந்தப் பக்கம்
சோற்றுப் பொட்டலங்கள் பிரிகையில்,
ஒரே ஒரு முதுகு வந்தது,
நாலுக்கும் ஐந்துக்கும் நடுவே வட்டு பிதுங்கி,
சந்தேகத்துக்கு இடமில்லாமல்.

அறிக்கையில் 'கண்டறிந்தவர்' கட்டம்
ஊழியர் எண் கேட்டது.
அவருடைய வொர்க் பெர்மிட் எண்ணைப் போட்டேன்.
ஏற்கவில்லை.
இலக்கம் கூடுதலாம்.

மேசையோரம் நின்று அவர் கேட்டது ஒன்றுதான்:
எம்சி எத்தனை நாள் கிடைக்கும்?
டாக்டர் சொல்வார் என்றேன்.

மணி ஒன்று.
திரையில் அடுத்தவரின் முழங்கால்
இரண்டாகத் தொடங்கியது.