ஐந்து கிலோவுக்குக் கீழே

காவேரிப்பட்டணம் ரோட்டில்
மாங்கூழ் ஆலையின் எடைமேடையில்
ஒன்பது சீசன் உட்கார்ந்திருந்தேன், ஆண்டவரே.
உமக்குத் தெரியும். ஆனாலும் சொல்கிறேன்,
இன்றைக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பாரத்தோடு ஓர் எடை.
பெங்களூராவைக் கொட்டிவிட்டுத் திரும்பும்போது
வெறும் வண்டி ஓர் எடை.
முன்னதில் பின்னதைக் கழித்தால் வருவது
ஒரு குடும்பத்தின் வருசம்.

ஒன்பதாவது சீசனில் மேலாளர் பெலவேந்திரன்
டீ வாங்கிக் கொடுத்துச் சொன்னார்:
வண்டிக்கு நூற்றைம்பது கிலோ, அவ்வளவுதான்.
காம்பு, பால், அழுகல் என்று எழுதிக்கொள்.
எல்லா ஆலையிலும் நடப்பதுதானே, கிளாரா.

நான் எழுதவில்லை.
வீரம் என்று நினைத்துவிடாதீர். கை வரவில்லை.
அன்று வரிசையில் முதலில் நின்றது
சந்தூர் முனிரத்தினத்தின் டெம்போ.
திரையில் தெரிந்ததை அப்படியே எழுதி நீட்டினேன்.
சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு
அவர் கேட்டார்:
"எவ்ளோம்மா அடிச்ச? நூறா, நூத்தம்பதா?"

வேலை போனதைக்கூட விழுங்கிவிட்டேன்.
(சீசன் முடிந்தது என்றார்கள். வெளியே
எழுபது வண்டி நின்றது.)
அந்தக் கேள்விதான்
இன்னும் தொண்டையிலேயே நிற்கிறது.

பெலவேந்திரன் வீட்டுக்கு மாடி வந்துவிட்டது.
மாதா கெபியின் படியில்
பளிங்கில் அவர் பெயர், மனைவி பெயர், பிள்ளைகள் பெயர்.
முழந்தாளிட்டால் என் கண் மட்டத்தில் அதுதான்.
செபமாலை பாதி உருளுவதற்குள்
உபயம் என்று வாய் சொல்லிவிடுகிறது.
மாதா சிரித்திருப்பாள். நான் சிரிக்கவில்லை.

என் வீட்டுக்காரருக்கு
கிரானைட் பட்டறைத் தூசி நெஞ்சில் தங்கிவிட்டது.
இருபது வருசம் கல்லைப் பளபளப்பாக்கியவர்,
எவருடைய வீட்டுத் தரையிலோ
எவருடைய முகமோ தெரியும்படி.
பங்குச்சாமியார் வந்து தலையில் கைவைத்துச் செபித்தார்.
சோதனை என்றார், பொறுமை என்றார்.
நான் அப்போது
அவர் டீக்குப் பக்கத்து வீட்டில் வாங்கிய சர்க்கரையை
எப்போது திருப்பித் தருவது என்று
கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். மன்னியும்.

இப்போது பழையபேட்டைக் காய்கடையில்
தராசு பிடிக்கிறேன்.
முள் நடுவில் நின்ற பிறகும்
ஒரு தக்காளி கூடுதலாகப் போடுகிறது கை.
முதலாளி பார்த்துக்கொண்டே இருக்கிறார்.
இதுவும் நிலைக்காது போலிருக்கிறது.

தவக்கால வெள்ளியில் சிலுவைப்பாதை.
மூன்றாம் தலத்தில் நீர் விழுந்து கிடக்கிறீர்.
எல்லோரும் அழும் பாட்டுப் பாடுகிறார்கள்.
எனக்கோ பழைய வேலையின் புத்தி:
அந்த மரத்தின் எடை என்ன?
பாரத்தோடு எவ்வளவு, இறக்கிய பின் எவ்வளவு?
ஒருவரும் குறித்து வைக்கவில்லை.
உமக்கும் சீட்டுக் கிடைக்கவில்லை.

அதை நினைத்தபோது
கொஞ்சம் ஆறுதலாக இருந்தது என்று சொன்னால்
பாவமா, தெரியவில்லை.

ஒன்று மட்டும் உம்மிடம் கேட்கவேண்டும்.
கடைசி நாள் சாயங்காலம், ஆளில்லாத நேரத்தில்
நானே மேடையில் ஏறி நின்றேன்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஐம்பது என்று காட்டியது.
அதே வாரம் பெரியாஸ்பத்திரி மெஷினில் ஐம்பத்திரண்டு.
அந்த மேடைக்கு எல்லாம் ஐந்து ஐந்தாகத்தான்;
அதற்குக் கீழே கண் தெரியாது.
கல்லும் லாரியும் நிறுப்பதற்கு அது போதும்.
மீதி இரண்டு கிலோவை
நானேதான் சுமந்துகொண்டு
பஸ் ஸ்டாப் வரை நடந்து வந்தேன்.
இன்னும் இறக்கவில்லை.

உம்முடைய மேடை
எவ்வளவிலிருந்து காட்டும், ஆண்டவரே?

பதில் அவசரமில்லை.
நாளைக்கும் ஆறரைப் பூசைக்கு வருவேன்.
அவருக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்துவிட்டுக் கிளம்ப
ஐந்து நிமிடம் பிந்தலாம்.