உப்புக் கணக்கு

ஏப்ரல் முப்பது. இரவு பத்தேகால்.
சுப்பீரியர் ஏரியில் இன்னும் பனிப்பாளம் விரிசல்விடும் ஓசை.
அடுப்படி மேசையில் மேரன்
மடிக்கணினியின் கட்டங்களுக்குள் இருக்கிறாள்.
நள்ளிரவுக்குள் ஒன்றுக்கு ஆம் சொல்ல வேண்டும்.

இடப்பக்கம் ஹார்லோ கல்லூரி, வலப்பக்கம் வின்ஃபெல்.
இரண்டிலும் பொருளியல் உண்டு.
ஹார்லோவில் வகுப்புக்குப் பதினான்கு பேர்.
வின்ஃபெல்லில், வங்கி வேலைக்குக் கைபிடித்து
இட்டுச்செல்லும் பழைய மாணவர்கள்.
ஹார்லோவுக்கு ஆண்டுக்கு நாலாயிரத்து நூறு டாலர் கூட.
அது எங்கள் கூரை.
போன வருடமும் ஒத்திப்போட்டோம்.

ஒவ்வொன்றுக்கும் ஓர் எடை வைத்திருக்கிறாள்:
செலவுக்கு நாற்பது, பேராசிரியர்களுக்கு முப்பது,
சாப்பாட்டுக்கு மூன்று.
கூட்டினால் வின்ஃபெல் வருகிறது.
உதட்டைக் கடித்துக்கொண்டு எடையை மாற்றுகிறாள்.
மறுபடி வின்ஃபெல்.
சாப்பாட்டுக்கு ஒன்பது ஆகிவிட்டது.

நான் கவுண்டிக்காகப் பனிவாரி லாரி ஓட்டுகிறவள்.
எனக்குத் தெரிந்த பொருளியல் உப்பு மட்டும்.
ஜனவரியில் எவ்வளவு பனி கொட்டும் என்று
ஜூலை வெயிலில் வியர்த்தபடி தீர்மானித்து
சாலைக்கு உப்பு வாங்கிக் குவிக்க வேண்டும்.
கூடினால் கொட்டகையில் கல்லாய் இறுகும்.
குறைந்தால் யாரோ ஒருவரின் கார் பள்ளத்தில்.
சரியாக வாங்கிய வருடம் என்று ஒன்றை
இருபத்திரண்டு வருடத்தில் நான் பார்த்ததில்லை.

ஹார்லோவைப் பார்க்கப் போனபோது
மேரன் இதை அங்கே ஓர் ஆசிரியையிடம் சொன்னாள்,
ஏதோ பேச்சு வாக்கில்.
அந்த அம்மாள் பேனாவை மூடிவைத்துவிட்டுக் கேட்டாள்:
"மிஞ்சின உப்பைப் பக்கத்துக் கவுண்டி வாங்கிக்கொள்ளுமா?
என்ன விலைக்கு?"
திரும்பும் வழியெல்லாம், நூற்றெண்பது மைல்,
அந்த விலையைத்தான் பேசிக்கொண்டு வந்தாள்.
காபி ஆறிப்போனது தெரியாமல்.

அதற்கு அவள் கட்டம் போட்டிருக்கவில்லை.

பதினொன்று ஐம்பதுக்கு
கோப்பைச் சேமிக்காமல் மூடினாள்.
எதை அழுத்தினாய் என்று நான் கேட்கவில்லை.
கூரையின் ஈரக்கறையை அண்ணாந்து பார்த்தாள்,
பிறகு என்னை.
நான் எழுந்துபோய் வாளியை
இன்னும் கொஞ்சம் நடுவே நகர்த்தி வைத்தேன்.

வின்ஃபெல் பெயர் போட்ட சாம்பல் நிறச் சட்டை,
இருபத்தெட்டு டாலருக்கு வாங்கியது, வீட்டில்தான் கிடக்கிறது.
லாரிக்கு எண்ணெய் மாற்றும்போது நான் போட்டுக்கொள்கிறேன்.
பெட்ரோல் பங்கில் யாராவது கேட்கிறார்கள்:
"உங்கள் பெண் அங்கேயா படிக்கிறாள்?"

இல்லை என்று சொல்ல
ஒவ்வொரு முறையும்
ஒரு நொடி ஆகிறது.