சங்கரா நிறம்

தண்டையார்பேட்டையில் எங்கள் சந்து ஆறடி இரண்டங்குலம்.
வண்டி ஐந்தடி மூன்று.
மிஞ்சும் பதினோரு அங்குலத்தை
இந்தப் பக்கம் ஐந்து அந்தப் பக்கம் ஆறு என்று பங்கு வைத்து
எஞ்சின் இல்லாத ஒன் ஒன் எயிட்டை
ஏழு பேர் தள்ளி உள்ளே கொண்டுவந்தோம்.
கைப்பம்படியில் சந்து கொஞ்சம் வயிறு தள்ளும்.
அங்கே நின்றது, ஒன்றரை வருடம்.

"காய்லாங்கடைக்குப் போற வண்டிய
இன்னாத்துக்குடி ஊட்டாண்ட இஸ்துகினு வந்தே"
என்றாள் தேசம்மா.

சுரண்டினேன்.
மெரூனுக்குக் கீழே வெள்ளை.
வெள்ளைக்குக் கீழே ஏதோ அரசாங்க நீலம்.
நீலத்துக்குக் கீழே துரு.
துருவுக்குக் கீழே, கிளட்ச் பக்கம்,
ஒன்றுமே இல்லை, கைப்பம்பின் ஈரத்தரை தெரிந்தது.
கண்டெய்னர் யார்டில் ஒட்டுப் போடுகிற நசரேன்
தகடு வெட்டிப் பற்றவைத்தான்.
அந்த ஒட்டு வண்டியைவிட நாள் இருக்கும்.

ஸ்பிரிங்கை ஒரு சுற்று அறுத்து
தரையோடு இறக்கிவிடலாம் என்றான்.
போட்டோவில் அழகுதான்.
ஐப்பசி மழையில் வியாசர்பாடி சுரங்கப்பாதையை நினைத்தேன்.
ஓர் அங்குலம் ஏற்றச் சொன்னேன்.

நிறம்தான் இழுத்தடித்தது.
காசிமேட்டில் ஐந்து மணிக்கு
கண் தெளிந்த சங்கரா ஒன்று வாங்கி
ஐஸ் டப்பாவில் வைத்து
பெயிண்ட் கடை ஷட்டர் ஏறும்வரை காத்திருந்தேன்.
"மீனுக்கெல்லாம் நம்பர் கிடையாதும்மா" என்றார் கடைக்காரர்.
பத்து மணிக்கு அது ஐந்து மணி மீன் இல்லை.
செவுளோரச் சிவப்பு வெளுத்து
வயிற்றுப் பக்கம் கரைந்திருந்தது.
எத்தனை மணி நிறம் வேணும் என்று கேட்டார்.
ஏலத்தில் கொட்டும்போது இருந்தது, என்றேன்.
அவர் ஏலம் பார்த்ததில்லை.
நான் சொல்லச் சொல்ல
சொட்டுச் சொட்டாக விட்டார்,
சிவப்பு, மஞ்சள் ஒரு துளி, முத்துப்பொடி,
இன்னும் கொஞ்சம் உயிர் இருக்கணும், அண்ணே.
மூன்று லிட்டர்.
மீன் அன்றைக்கே குழம்பாயிற்று.

பங்குனி ஞாயிறு. கம்ப்ரசர் வாடகை அறுநூறு.
நாலு கொசுவலையைச் சேர்த்துத் தைத்த கூடாரம்.
தூசி படுக்கட்டும் என்று தரைக்குத் தண்ணீர்.
கேட்காமலே அன்று தேசம்மா துணி காயப்போடவில்லை.
இரண்டாம் கோட்டில் காற்று திரும்பியது, துறைமுகத்திலிருந்து.
பானட் முழுக்கக் கரித்தூள்.
"மொளகு தூவிக்குது, வறுத்துட வேண்டிதான்"
என்றான் நசரேன். நான் சிரிக்கவில்லை.
எட்டு நாள்,
சோப்புத் தண்ணீரும் ஆயிரத்து ஐந்நூறு நம்பர் பேப்பரும்.
ஆபீஸ் வாசலில் கைரேகை மெஷின்
யார் நீ என்றது, மூன்று தடவை.

வெளியே எடுக்கிற நாளில் பார்த்தால்
சந்து வாயில் மின்வாரியத்தின் புதுப் பெட்டி,
வெள்ளத்துக்குப் பயந்து மேடை கட்டி.
மேடைக்கும் தேசம்மா சுவருக்கும் நடுவே
ஐந்தடி இரண்டரை.
பக்கக் கண்ணாடிகளைக் கழற்றினோம்.
புத்தி கெட்டு டயர் காற்றையும் இறக்கிப் பார்த்தோம்.
அரை அங்குலம்.

தேசம்மா உள்ளே போய்
சுத்தியலும் உளியுமாக வந்தாள்.
"பூச்சு தானே."
கதவு உயரத்துக்குத் தன் சுவரைத் தானே கொத்தினாள்,
முக்கால் அங்குல ஆழம், ஆறடி நீளம்.
அவ்வளவு சிமெண்டுப் புழுதியும்
என் கிளியர் கோட்மேல் இறங்கியது.
வாயைத் திறக்கவில்லை நான்.

நசரேன் ஓட்ட, நான் பின்னோக்கி நடக்க,
இன்னும், இன்னும், ஒடி, நேர் பண்ணு, வா,
வந்துவிட்டது.
டோல்கேட் வரை ஒரு ஓட்டம்.
மூன்றாம் கியர் மட்டும் முனகுகிறது.

அரை லிட்டர் மிச்சமிருந்தது.
கொத்தின இடத்தைப் பூசி, பட்டி பார்த்து,
வண்டிக்குச் செய்த எல்லாம் சுவருக்கும் செய்தோம்.
பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதன்முன் நின்று வகிடு எடுக்கிறார்கள்.
ஈரமோ என்று தபால்காரர் தொட்டுப் பார்க்கிறார்.

வண்டியில் அந்த நிறம் வரவில்லை.
நல்ல நிறம்தான், பத்து மணி நிறம்.
விடியலில் பால் வாங்கப் போகும்போது
சுவரில் பார்க்கிறேன்,
அப்போதுதான் கூடையிலிருந்து கொட்டியதுபோல்.
கடைக்காரரை ஒருநாள் கூட்டிவர வேண்டும்.